கோரா மீட்டும் காம்பியா நாட்டுப் பெண்

ஆப்பிரிக்க இசை என்றதும் எங்களுள் பலருடைய மனக்கண்முன் தோன்றியவை பெரிய பெரிய முரசுகளும், அவற்றின் முழக்கத்திற்கு ஏற்ப ஆடும் மக்களுமே. அந்த எண்ணத்தோடுதான் சோனா ஜோபார்தே என்னும் பெண்மணியின் பாட்டை முதன்முறையாகக் கேட்டோம். சிறிது நேரம் வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "இது வீணைதானே?" என்றாள். "இல்லை, கிதார்" என்றாள் மற்றொருத்தி. "எதுவாயினும் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள்" என்று மூன்றாமவள் தீர்ப்புக் கூறினாள். மூவர் சொன்னதும் தவறு! வாசித்தவர் ஒருவரே. வாசித்த கருவியின் பெயர் கோரா. பாடிக்கொண்டே அதை மீட்டியவரும் அவரே.

அந்தக் கருவியைப் பற்றியும், அதை அவர் கையில் எடுத்தது ஏன் பெரிய செய்தியாயிற்று என்பது பற்றியும் நாங்கள் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் உள்ளது காம்பியா. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு கிடையாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், செனகல் நாட்டின் வயிற்றுக்குள் யாரோ ஒரு விரலை நுழைத்து வைத்தாற்போல் இருக்கும். நடுவே காம்பியா ஆறு ஓட, அதன் இரு கரைகளும் சேர்ந்ததே நாடு. ஆங்கிலேயர் ஆட்சியினின்று 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் விடுதலை பெற்றது. அந்நாட்டில் வாழும் மக்களுள் மாண்டிங்கா இனத்தவர் பெருந்தொகையினர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுன்யாத்தா கெய்த்தா என்னும் மன்னன் நிறுவிய மாலிப் பேரரசிலிருந்து தங்கள் வரலாற்றைத் தொடங்குபவர்கள் அவர்கள்.

அந்த வரலாறு ஏட்டில் எழுதப்படவில்லை. பின் எப்படி எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் வந்தது? அதற்கென்றே பிறந்த குடும்பங்கள் இருந்தன. பிரெஞ்சுக்காரர் அவர்களைக் 'கிரியோ' என்று அழைத்தனர். மாண்டிங்கா மொழியில் அவர்களுக்கு 'ஜாலி' என்று பெயர். (நம் பேச்சில் இச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.) மன்னர்களின் கால்வழி, போர்கள், உடன்படிக்கைகள், எந்தக் குடும்பத்திற்கு எந்தக் குடும்பம் உறவு, இவை யாவும் ஜாலிகளின் நினைவில் இருந்தன. குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவில் அவர்கள் பாடுவர், திருமணத்தில் பாடுவர், பகைத்தவர்களிடையே தூது சென்று சமாதானம் செய்வர். மன்னன் சுன்யாத்தாவுக்கே பலா ஃபாசெக்கே என்றொரு ஜாலி இருந்தான் என்று அவர்களுடைய காவியம் கூறுகிறது. இப்பணி பிறப்பால் வருவது. கூயாத்தே, சுசோ, ஜோபார்தே என்னும் குடும்பப் பெயர்களைக் கேட்டாலே, 'இவர் இசைக் குடும்பத்தவர்' என்று அங்குள்ளோர் அறிந்துகொள்வர். மாலி நாட்டில் ஜபாத்தே என்று வழங்குவதும் காம்பியாவில் ஜோபார்தே என்று வழங்குவதும் ஒரே பெயர்தான்.

இக்குடும்பங்களில் பெண்களுக்கும் இடம் உண்டு. அதுவும் உயர்ந்த இடம். பாடுவதில் அவர்களே சிறந்தவர்கள் என்று மதிக்கப்பட்டார்கள். ஆனால் பாடும்போது அவர்கள் கையில் இருப்பது ஓர் இரும்புக் குழலும் அதைத் தட்டி ஒலி எழுப்ப ஒரு கம்பியுமே. கோராவும், மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி அடித்து வாசிக்கும் பலஃபோனும் ஆண்களுக்கு உரியவை. தந்தை மகனுக்குக் கற்பிப்பார். அவன் தன் மகனுக்குக் கற்பிப்பான். சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாக அதுவே வழக்கம். சட்டமாக எழுதப்பட்டிருந்தால் அதை மாற்றும்படி யாரிடமாவது மனுக் கொடுக்கலாம். வழக்கத்தை மாற்றும்படி யாரிடம் போய்க் கேட்பது?

இனி, கோராவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு பெரிய சுரைக்குடுக்கையை நெடுக்காக இரண்டாக அறுத்து, அதில் ஒரு பாதியின் வாயை மாட்டுத் தோலால் இழுத்து மூடுகிறார்கள். உறுதியான நீண்ட மரத்தண்டு ஒன்று குடுக்கையை ஊடுருவிச் செல்கிறது. தோலின்மேல் உயரமான குதிரை ஒன்று நிமிர்ந்து நிற்கும். வீணையில் தந்திகள் குதிரையின் மேலே படுத்திருக்கும் அல்லவா? கோராவில் அப்படியன்று, குதிரையின் இரு பக்கங்களிலும் வெட்டப்பட்ட பள்ளங்களில் தந்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரு வரிசைகளில் நிற்கும். இடக்கைக்கு 11, வலக்கைக்கு 10, ஆக 21 தந்திகள். வாசிப்பவர் கருவியைத் தம்மை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, அதிலுள்ள இரண்டு கைப்பிடிக் குச்சிகளை மூன்று மூன்று விரல்களால் பற்றிக்கொள்வார். எஞ்சியிருப்பவை இரண்டு கட்டைவிரல்களும் இரண்டு ஆள்காட்டி விரல்களுமே. அந்த நான்கு விரல்களால்தான் 21 தந்திகளையும் ஆள வேண்டும்!

கட்டைவிரல்கள் கீழ்ச்சுரங்களில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். இதற்குக் 'கும்பெங்கோ' என்று பெயர். ஆள்காட்டி விரல்கள் அதற்கு மேலே கற்பனைச் சுரங்களை மழைத்துளிபோல் உதிர்க்கும். இது 'பிரிமின்திங்கோ'. இவ்விரண்டோடு வாய்ப்பாட்டும் சேரும். எங்கள் தோழி "இரண்டு பேர்" என்று தீர்ப்புக் கூறியது அவள் குற்றம் அன்று என்பது இப்போது விளங்கும்.

கோரா எப்போது பிறந்தது? காபு என்னும் பழைய அரசில் ஓர் இசைவாணன் அதை ஒரு ஜின்னிடமிருந்து பெற்றான் என்பது அம்மக்கள் சொல்லும் கதை. எழுத்தில் கிடைக்கும் சான்று முங்கோ பார்க் என்னும் ஸ்காட்லாந்துக்காரருடையது. காம்பியா ஆற்றின் வழியே உள்நாட்டிற்குப் பயணம் செய்த அவர், 1799இல் வெளியான தம் நூலில் 18 தந்திகள் உடைய பெரிய யாழ் ஒன்றைக் 'கொர்ரோ' என்று குறிப்பிடுகிறார். அன்று 18, இன்று 21! இடையில் யாரோ மூன்று தந்திகளைக் கூட்டியிருக்க வேண்டும். அந்த நாளில் தோலை முறுக்கித் தந்தி செய்தார்கள். இன்று மீன்பிடிக்கும் நைலான் நரம்பு. 'பரம்பரைக் கருவி, அதில் கை வைக்கக் கூடாது' என்று பேசுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம் என்பது எங்கள் கருத்து.

சுருதி கூட்டும் முறையிலும் ஒரு மாறுதல் வந்தது. அதைச் செய்தவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்த துறவிகள் என்று அறிந்தபோது நாங்கள் மகிழ்ச்சியால் கைதட்டினோம். பழைய கோராவில் முறுக்காணி இல்லை. ஒவ்வொரு தந்தியும் தண்டைச் சுற்றிப் பின்னிய ஒரு தோல் வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அந்த இறுகிய வளையத்தைக் கையால் மேலும் கீழும் நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும். 21 வளையங்கள்! 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸ் நாட்டு சொலேம் மடத்தைச் சேர்ந்த பெனடிக்டைன் துறவிகள் செனகல் தலைநகர் டக்காருக்கு அருகில் கேர் மூசா என்னும் இடத்தில் ஒரு மடம் நிறுவினர். சொலேம் மடம் கிரகோரியன் பாடலுக்குப் பெயர்போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைக்கு உரிய மதிப்பு அளிக்கவேண்டும் என்று கூறியதல்லவா? அதற்கேற்ப, மடத்தின் பாடற்குழுத் தலைவர் தொமினிக் கத்தா அடிகளார் கோராவைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தார். கோரா செய்யும் பட்டறை ஒன்றும் அங்கே எழுந்தது. தோல் வளையங்களுக்குப் பதிலாக முறுக்காணிகளைப் பொருத்தும் முறை அங்கே உருவாயிற்று. கோராக் குடும்பத்தவர் பெரும்பாலும் இசுலாமியர். அவர்களுடைய கருவி கிறிஸ்துவ மடத்தில் திருப்பாடல்களுக்குத் துணையாக ஒலிக்கிறது.

இனி நம் கதாநாயகிக்கு வருவோம். சோனா ஜோபார்தே பிறந்தது 1983இல், லண்டன் மாநகரில். தந்தை சஞ்சாலி ஜோபார்தே காம்பியா நாட்டவர். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. தந்தைவழிப் பாட்டனார் அமடு பன்சாங் ஜோபார்தே, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கோரா வித்துவான்களுள் ஒருவர். 2024இல் மறைந்த உலகப் புகழ்பெற்ற மாலி நாட்டுக் கலைஞர் துமானி ஜபாத்தே, சோனாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறை. இத்தகைய குடும்பத்தில் சோனா மகனாகப் பிறந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். கோரா தானாகவே மடிக்கு வந்திருக்கும்.

சிறு குழந்தையாய் இருந்தபோதே அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அண்ணன் துண்டே ஜெகடே. சோனா மேற்கத்திய சங்கீதத்தையும் முறையாகப் பயின்றார். லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் செல்லோ, பியானோ, ஹார்ப்சிகார்டு ஆகியவற்றைக் கற்றார்; பிறகு பர்செல் இசைப் பள்ளியில் இசையமைப்புப் பயின்றார். கிதாரும் வாசிப்பார். இவ்வளவு தெரிந்தவர் அதனோடு நின்றிருக்கலாம். ஆனால் பதினேழாம் வயதில் தந்தையிடம் சென்று, கோராவை அடிமுதல் கற்பிக்கும்படி கேட்டார். தந்தை சஞ்சாலி ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டது பெரிதா, கொடுத்தது பெரிதா? எங்களுள் பாதிப் பேர் சோனாவின் துணிவே பெரிது என்றார்கள். மற்றப் பாதியினர், 'முன்னோர் பெயரைக் காக்கவேண்டியவர் அந்தத் தந்தை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி அவர் மறுத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்களே!' என்றார்கள். முடிவு காணாமலே மணி அடித்துவிட்டது.

சில கட்டுரைகளில் 'கோரா வாசித்த முதல் பெண்' என்று சோனாவை எழுதிவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. மாலி நாட்டில் மதினா ந்தியாய் என்னும் பெண்மணி அவருக்கு முன்பே கோரா வாசித்தவர். ஆனால் பரம்பரை பரம்பரையாகக் கோராவைக் காத்துவந்த ஜாலிக் குடும்பம் ஒன்றில் பிறந்து, அதையே தொழிலாகக் கொண்டு புகழ்பெற்ற முதல் பெண் என்றால் அது சோனாதான். வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டுவது ஒன்று. வீட்டுக்குள்ளேயே இருந்த பூட்டைத் திறப்பது வேறொன்று. பெண் என்பதற்காகத் தம்மைப் பாராட்டவேண்டாம், வாசிப்பு நன்றாக இருந்தால் பாராட்டுங்கள் என்னும் பொருள்பட அவர் பலமுறை கூறியிருக்கிறார்.

பழைய இசையையும் புதிய இசையையும் கலப்பது எளிதன்று. கோராவில் ஒரு ஸ்தாயிக்கு ஏழு சுரங்கள்தான். கிதாரிலோ பியானோவிலோ உள்ளதுபோல் இடைச்சுரங்கள் இல்லை. சௌதா, ஹர்தினோ, தொமோரா என்று பழைய சுருதி முறைகள் சில உண்டு. அவற்றுள் சில சுரங்கள் பியானோவின் சுரங்களோடு ஒட்டாமல் சற்று ஏறியோ இறங்கியோ நிற்கும். மேலும், கோராக்காரர் பாடுபவருடைய குரலுக்கேற்பச் சுருதி வைத்துக்கொள்வார். பியானோவோ தன் இடத்தைவிட்டு அசையாது. ஆகவே இரண்டும் சேரவேண்டுமானால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். கவனமின்றிச் செய்தால், விட்டுக்கொடுப்பது எப்போதும் கோராவாகவே இருக்கும். கடைசியில் கிதார்ப் பாட்டின் ஓரத்தில் அழகுக்காக ஒட்டவைத்த பொம்மையாகிவிடும்.

சோனாவுக்கு முன்பே இத்துறையில் இறங்கியவர்கள் உண்டு. கினி நாட்டு மோரி காந்தே கோராவை மின்கருவிகளோடும் நடனத் தாளத்தோடும் சேர்த்துப் பாடிய 'யேகே யேகே' என்ற பாட்டு 1987இல் வெளியாகி ஐரோப்பா முழுவதையும் ஆடவைத்தது. துமானி ஜபாத்தே ஸ்பெயின் நாட்டுக் கிதார்க் கலைஞர்களோடு சேர்ந்து 1988இல் ஓர் இசைத்தட்டு அளித்தார். இவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

2010இல் ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பற்றிய 'தாயகம்' என்னும் பொருள்படும் செய்திப்படம் ஒன்றிற்கு சோனா இசையமைத்தார். அதற்காக, கோராவையும் வேட்டைக்காரர்கள் வாசிக்கும் 'தொன்சோ ங்கோனி' என்னும் யாழையும் இணைத்துப் புதிய கருவி ஒன்றையே உருவாக்கினார். மறு ஆண்டு, அதாவது 2011இல், 'ஃபாசியா' என்ற அவருடைய பாட்டுத் தொகுப்பு வெளிவந்தது. 'மரபுச் செல்வம்' என்று அதற்குப் பொருள். 'ஜராபி' போன்ற மிகப் பழைய பாட்டுகளும், அவரே இயற்றிய புதிய பாட்டுகளும் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் 'முசோ', அதாவது 'பெண்கள்'.

அவர் பாட்டைக் கூர்ந்து கேட்டால் ஒன்று புலப்படும். கிதார் உண்டு, பேஸ் கிதார் உண்டு, மேடையில் டிரம்ஸும் உண்டு. ஆனால் பாட்டின் நடை கோராவின் கும்பெங்கோவிலிருந்தே பிறக்கிறது. மற்றவை அதைப் பின்தொடர்கின்றன. கிதார்கூடக் கோராவைப் போலவே கோவையாகச் சுரங்களை உதிர்க்கிறது. லண்டனில் பிறந்து ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் பாடுவது மாண்டிங்கா மொழியில். ஆங்கிலத்தில் பாடினால் இன்னும் அதிகமானோர் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2015இல் அவர் அளித்த 'காம்பியா' என்னும் பாட்டும் மாண்டிங்காவிலேயே அமைந்தது. அதுவே அவரை உலகெங்கும் கொண்டுசென்ற பாட்டு. பொருள் புரியாமலே நாங்களும் அதன் பல்லவியை முணுமுணுக்கிறோம்.

மாண்டிங்கா மக்களிடம் இரண்டு அருமையான சொற்கள் உண்டு. ஒன்று 'ஃபாதின்யா', தந்தைவழிப் பிள்ளைமை. ஒரு தந்தைக்கு வெவ்வேறு தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகளிடையே எழும் போட்டியை இது குறிக்கும். முன்னோரை விஞ்சவேண்டும், தனிப்பெயர் எடுக்கவேண்டும் என்று ஒருவரை ஊரைவிட்டே கிளப்பும் வேகமும் இதுதான். மற்றொன்று 'பாதின்யா', ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைமை. கூடி வாழ்தல், விட்டுக்கொடுத்தல், உள்ளதைக் காத்தல் ஆகியவை இதனுள் அடங்கும். முதலாவது மட்டும் இருந்தால் வீடு உடையும். இரண்டாவது மட்டும் இருந்தால் புதியது எதுவும் பிறக்காது. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. 2022இல் வெளிவந்த சோனாவின் அடுத்த தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் 'பாதின்யா குமோ'. உடன்பிறப்பு உறவைப் பற்றிய பேச்சு என்று சொல்லலாம். வழக்கத்தை மீறியவர் என்று உலகம் கொண்டாடும் ஒருவர், மீறலைக் குறிக்கும் சொல்லை விட்டு, கூடி வாழ்தலைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! நாங்களாக இருந்தால் மற்றதைத்தான் வைத்திருப்போம்.

இசைக் கச்சேரிகளால் வரும் புகழோடு அவர் நின்றுவிடவில்லை. காம்பியாவின் தென்கோடியில், கடற்கரையை ஒட்டிய கார்த்தோங் என்னும் ஊரில் 2015இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். முதலில் பாட்டனார் அமடு பன்சாங் ஜோபார்தேயின் பெயரால் இசைப் பள்ளியாகத் தொடங்கியது, இன்று காம்பியா அகாடமி என வழங்குகிறது. கணக்கு, அறிவியல் முதலிய பாடங்களோடு, நாட்டின் வரலாறும் இசையும் நடனமும் அங்கே பாடத்திட்டத்தின் பகுதி. ஆங்கிலேயர் போனபின்பும் அவர்கள் வகுத்த பாடமுறையே நீடித்ததால், பிள்ளைகள் தங்கள் சொந்த வரலாற்றை வகுப்பறைக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பது சோனாவின் மனக்குறை. பள்ளியில் கற்பிப்பது போதாதென்று வீட்டிலும் கற்பித்திருக்கிறார் போலும். மேடையில் அவர் அருகே பலஃபோன் வாசிப்பவர் அவருடைய மகன் சிதிக்கி.

மகனுக்குக் கற்பித்தது பழைய வழக்கம்தான். கார்த்தோங் பள்ளியில் பெண்பிள்ளைகளும் கோராவைத் தங்களை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு, மூன்று மூன்று விரல்களால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மீதமுள்ள நான்கு விரல்களால் கும்பெங்கோ பழகுகிறார்கள்.